பளிங்கு மாதிரி வந்த பவுசர் தண்ணீர்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மொட்டைமாடியில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. பெரிதாக நினைக்க வேண்டாம், பத்து மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம், சராசரியாக 1.2 மீற்றர் ஆழம். கணக்குப் பார்த்தால் 48 யூனிட் தண்ணீர், ஒரு யூனிட் என்றால் ஆயிரம் லீற்றர். கமிட்டிக் கூட்டத்துக்குப் போகாத ஒரு மாதத்தில் அதன் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள், அன்றிலிருந்து நான்தான் தடாகத்துக்குக் காவல்.

தண்ணீரை மாற்ற வேண்டி வந்ததற்குக் காரணம் ஊத்தை இல்லை. வருடக்கணக்கில் நாங்கள் போட்டுவந்த குளோரின் வில்லைகள் டிரைகுளோர் வகை. அதில் ஒரு கிலோ போட்டால் அரைக் கிலோவுக்கு மேல் சயனூரிக் அமிலம் தண்ணீரில் தங்கிவிடும். கொஞ்சம் இருந்தால் நல்லது, வெயிலில் குளோரின் சிதைந்து போகாமல் காக்கும். கூடிப்போனால் அதே அமிலம் குளோரினின் கையைக் கட்டிவிடும். எவ்வளவு போட்டாலும் பாசி சிரித்துக்கொண்டே வளரும். எங்கள் சோதனைத் தாள் இந்த அமிலத்தை லீற்றருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிக் காட்டியது, 30இலிருந்து 50க்குள் இருந்தால் போதும். இதைக் குறைக்க மருந்தைத் தேடி அலைவதில் பிரயோசனம் இல்லை, பாதித் தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி. சரி, 24 யூனிட்டை இறக்கினோம். (வீட்டு முற்றத்தில் நிலத்துக்குள் தடாகம் கட்டியிருப்பவர்கள் மழைக்காலத்தில் இப்படி இறக்கவே கூடாது. நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளினால் வெறும் தொட்டி படகு மாதிரி மேலே எழும்பிவிடும். எங்களுடையது மாடியில் என்பதால் தப்பினோம்.)

இறக்கி முடித்த அன்றுதான் விதி விளையாடியது. அதற்கு முதல் நாள் தண்ணீர் வெட்டு, திரும்பி வந்த குழாய்த் தண்ணீர் மண்ணிறம். கொழும்புக்குக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியது 1886இல், லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து. வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் குழாய்கள் நகரத்தின் அடியில் இன்னும் கிடக்கின்றன, வெட்டு முடிந்து அழுத்தம் திரும்பும்போது உள்ளே படிந்த துரு எல்லாம் கிளம்பி வரும். இதையா தடாகத்துக்கு விடுவது என்று கமிட்டியில் எல்லாருக்கும் அருவருப்பு. போதாததற்கு யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் என்பதால் பில்லை நினைத்தும் பயம். பவுசர், அதாவது தண்ணீர் லொறி, பிடித்தோம். 8,000 லீற்றர், மூன்று நடை. ஊருக்கு உள்ளே ஒரு குழாய்க்கிணற்றுத் தண்ணீராம். பளிங்கு மாதிரி இருந்தது. நானே ஒரு கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி எல்லாரிடமும் பெருமைப்பட்டேன். இரவு குளோரின் தூளைக் கரைத்து விட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

விடிய ஆறு மணிக்குக் காவலாளி போன். அவர் தேயிலைத் தோட்டங்கள் உள்ள ஹட்டன் பக்கம். "சார், தண்ணியில யாரோ தேயிலை கொட்டுன மாதிரி இருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தால் அசல் பிளேன்டீ.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்துச் செம்மண்ணும் கபுக் கல் என்ற செம்பூராங்கல்லும் இரும்பு நிறைந்தவை. ஆழத்தில் காற்றுப் படாத நிலத்தடி நீரில் அந்த இரும்பு சீனி மாதிரிக் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. குளோரின் பட்டதும் அது துருவாகி வெளியே வரும். லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும் என்றால், வெள்ளை டைல் பதித்த தடாகத்தைச் சொல்லவும் வேண்டுமா. நாங்கள் அருவருத்த குழாய்த் தண்ணீரில் துரு ஏற்கெனவே துகளாகிவிட்டது, ஒரு தலையணை உறையில் பொலியெஸ்டர் பஞ்சை அடைத்துக் குழாய் வாயில் கட்டினாலே பெரும்பகுதி நின்றுவிடும். பவுசர் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு எந்தப் பஞ்சிலும் நிற்காது. அழகான தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, நல்ல தண்ணீரைக் கைவிட்டுவிட்டோம்.

மூன்றாம் மாடி அண்ணை "இன்னும் ரெண்டு கிலோ குளோரின் போடுங்கோ, வெளுத்துப்போகும்" என்றார். இன்னும் போட்டிருந்தால் கறை டைலில் ஏறி உட்கார்ந்திருக்கும். இரும்பைக் கட்டிவைக்கும் திரவம் ஒன்று கடையில் இருக்கிறது. குளோரினுக்கு முன்பு விட்டிருந்தால் நிறம் வந்திருக்காது, ஆனால் இரும்பு தண்ணீரிலேயே இருக்கும், குளோரின் அந்த மருந்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும், திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். எனக்கு அதில் மனமில்லை. ஒரு கிலோ படிகாரத்தைக் கரைத்துப் பரவலாக ஊற்றி, பம்பை நிறுத்தி, ஒருவரையும் இறங்க விடாமல் ஓர் இரவு விட்டோம். காலையில் மேலே தெளிவு, அடியில் செங்கட்டிச் சேறு. அதைக் கலக்காமல் மெதுவாக வக்கூம் பண்ணி, மணல் ஃபில்டருக்குள் விடாமல் நேராகக் கழிவுக் கானுக்கு விட வேண்டும், இந்த இடத்தில் அவசரப்பட்டால் முழு வேலையும் வீண். நாலு யூனிட் போனது. படிகாரம் காரத்தன்மையைக் குறைக்கும், கொழும்புத் தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு, அதனால் இரண்டு கிலோ அப்பச்சோடா போட்டோம். அந்த நாலு யூனிட்டை நிரப்பியது எது என்று கேட்கிறீர்களா? தலையணை உறை கட்டிய குழாய்த் தண்ணீர்தான், இரவில், மெல்லிசாக.

இப்போது எந்தத் தண்ணீர் வந்தாலும் முதலில் ஒரு வெள்ளை வாளி நிறையப் பிடித்து, அரைக் கரண்டி குளோரின் போட்டு, இரண்டு மணித்தியாலம் பார்க்கிறேன். நிறம் மாறினால் பவுசரைத் திருப்பி அனுப்பிவிடலாம், ஆனால் பவுசர்காரர் வாசலில் காத்திருக்கமாட்டார், முதல் நாளே ஒரு போத்தல் கேட்டு வாங்கிவைக்க வேண்டும். டிரைகுளோரை விட்டு கல்சியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறினோம், அமிலமும் சேராது, எங்கள் மென்மையான தண்ணீருக்குக் கல்சியமும் கிடைக்கும். அடுத்த முறை இறக்குவது ஒக்டோபரில்தான். அந்த மாதத்தில் கொழும்பில் 350 மில்லிமீற்றர் அளவுக்கு மழை விழும், எங்கள் தடாகத்தின் வாய்க்கு அது 14 யூனிட், இரும்பும் இல்லை, பில்லும் இல்லை.

இரண்டாம் படியில் மட்டும் கறை ஏறிவிட்டது. பார்மசியில் வாங்கிய விற்றமின் சி குளிசையை வைத்துத் தேய்த்தால் அந்த இடம் வெளுக்கிறது, அப்படியானால் அது இரும்புதான். முழுப் படியையும் தேய்க்கக் குளோரினை இறக்க வேண்டும், இன்னும் நேரம் வரவில்லை. பிள்ளைகள் அதற்குத் தேத்தண்ணிப் படி என்று பேர் வைத்துவிட்டார்கள்.