கச்சான் காற்றும் என் ஃபஸ் பெடலும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் கிற்றாரை ஃபஸ் பெடலில், அதாவது அதன் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் சிறு பெட்டியில், பூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். காலையில் தடித்து, நீண்ட கார்வையோடு நின்ற ஃபஸ் ஒலி, மதியம் ஒரு மணியளவில் இருமல் பிடித்த குரல்போலத் துண்டு துண்டாக அறுந்து விழத் தொடங்கியது. வயரை மாற்றினேன், கடற்காற்றில் ஜாக்குகளில் படிந்திருந்த உப்புக்கறையைத் துடைத்தேன், பயனில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு, நான் எதையும் தொடாமலேயே, பழைய குரல் திரும்பி வந்தது. பெடலைச் செய்தவர்மீது நான் கொண்ட கோபம் அநியாயமானது என்பது விளங்க மேலும் இரண்டு நாட்கள் ஆயின. குற்றம் வெக்கையைக் கொண்டுவரும் கச்சான் காற்றினுடையது.

அந்தப் பெடல், 1966 இல் இலண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற பெடலின் கைவேலைப் பிரதி. இரண்டு ஜேர்மானியம் திரான்சிஸ்டர்கள், நான்கு தடையிகள், மூன்று கொள்ளளவிகள், இரண்டு குமிழ்கள். உள்ளே இருப்பது அவ்வளவுதான். வெப்பம் ஏற ஏற, இறுக மூடாத குழாயில் நீர் கசிவதுபோல, ஜேர்மானியத்தில் மின்னோட்டம் கசியும்; ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகை செல்சியசுக்கும் அக்கசிவு இரு மடங்காகும். மச்சான் இதைக் கனடாவிலிருந்து கொண்டுவந்தவர். அங்கே 20 பாகை அறையொன்றில் சீர்செய்யப்பட்ட சுற்று, இங்கே கச்சான் வீசும் 35 பாகையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கசிவைத் தாங்க வேண்டியிருந்தது. 9 வோல்ற் பற்றரியில் ஏறத்தாழ 4.5 வோல்ற்றில் நிற்கவேண்டிய இரண்டாவது திரான்சிஸ்டர் அந்த நடுநிலையை விட்டு விலகிவிடுவதால், அலையின் ஒரு பக்கம் மற்றதைவிட முன்னதாகவே வெட்டுப்பட்டு, தேயும் சுரம் தன் காலத்துக்கு முன்பே அணைந்துபோகிறது.

சிலிக்கனில் இந்தக் கசிவு மிகச் சிறிது. அதனால்தானோ என்னவோ, ஃபஸ் ஃபேஸும் 1960களின் இறுதியில் சிலிக்கனுக்கு மாறியது. என்னிடம் அந்த வகையும் உண்டு, எந்த வெயிலிலும் தடுமாறாது. ஆயினும் கிற்றாரின் வொலியூம் குமிழைச் சற்றே குறைத்தவுடன், இரைச்சலெல்லாம் விலகி, தந்தியின் தனிக்குரல் கண்ணாடிபோல் வெளிப்படும் அந்தக் கணத்தை ஜேர்மானியம் தருவதுபோல என் சிலிக்கன் பெடல் தருவதில்லை. அதற்காக இந்த நோயாளியைப் பராமரிக்கலாம் என்றே முடிவுசெய்தேன். வாங்க எண்ணுவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள்: கிற்றாரிலிருந்து வரும் வயர் முதலில் இதற்குள்தான் நுழைய வேண்டும், இடையில் பஃபர் (ஒலிச் சைகையைத் தாங்கிக் கடத்தும் சிறு சுற்று) உள்ள பெடல் எதுவும் நின்றால் ஒலி கூர்மையாகிக் கிறீச்சிடும்; அத்துடன் பழைய ஜேர்மானியச் சுற்றுகள் பலவற்றில், மற்றப் பெடல்களைப்போல எதிர்முனையன்றி, நேர்முனையே நிலமாக (சுற்றின் பொது இணைப்பாக) இருப்பதால், மற்றப் பெடல்களுக்கு மின் கொடுக்கும் பொதுவான அடப்டரில் இதைச் சேர்த்தால் குறுஞ்சுற்று ஏற்படும். இதற்கெனத் தனிப் பற்றரியே நல்லது.

ஃபஸ் என்ற ஒலியே ஒரு பழுதிலிருந்து பிறந்தது என்பது எனக்கு ஓர் ஆறுதல். 1961 இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றை நாஷ்விலில் பதிவுசெய்தபோது ஒலிக் கலப்பு மேசையில் ஏற்பட்ட கோளாறு, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிற்றாரின் ஒலியைக் கிழித்துவிட்டது. அதை நீக்காமல் விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி பின்னர் அதே கிழிசலைத் திரான்சிஸ்டர்களால் உருவாக்க, 1962 இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடல் கடைக்கு வந்தது.

என்னிடமுள்ளவற்றில் மிக விசித்திரமானது ரிங் மொடியுலேட்டர். பலர் அதை ஒரு வேடிக்கைச் சத்தமாக எண்ணி ஒதுக்குவது, அதைச் சுருதி சேர்க்காமல் வாசிப்பதால் என்பது என் கருத்து. அது தன்னுள் ஓர் அலையை உருவாக்கி, நாம் வாசிக்கும் சுரத்தோடு பெருக்கி, இரண்டின் கூட்டலையும் கழித்தலையும் மட்டும் வெளிவிடுகிறது. உள்ளலை 200 ஹேர்ட்ஸ் எனில், 110 ஹேர்ட்ஸ் சுரம் 310 ஆகவும் 90 ஆகவும் பிரியும். அதற்கு மேல்ஸ்தாயியான 220 ஹேர்ட்ஸ் 420 ஆகவும் 20 ஆகவும் பிரியும். ஸ்தாயி உறவே சிதைந்துபோய், கோணேசர் மலையிலிருந்து வரும் மணியோசைபோல எந்தச் சுரத்திலும் நிலைகொள்ளாத உலோக நாதம் கேட்கும். ஆனால் உள்ளலையை ஆதார சட்ஜமான 110 ஹேர்ட்ஸுக்கே சேர்த்துப் பாருங்கள். சட்ஜமம் வாசித்தால் மேல் சட்ஜமம் பிறக்கிறது. பஞ்சமமாகிய 165 ஐ வாசித்தால் 55 உம் 275 உம் வருகின்றன: ஒன்று மந்தர சட்ஜமம், மற்றது மேல்ஸ்தாயி அந்தர காந்தாரம். மத்தியமத்தில்தான் விஷமம். அங்கே எழும் மேற்சுரம் நம் வீணை மெட்டுகளில் எதிலும் உட்காராது. எந்தச் சுரத்தில் நிற்கலாம், எதைத் தொட்டுவிட்டு நகரவேண்டும் என்று பெடலே ஓர் இராகத்தைப் போல எனக்குச் சொல்லத் தொடங்கியது.

ஒலியைத் தளும்பச் செய்யும் ‘யூனி-வைப்’ என்ற பெடலைப் பற்றி ஒரு சொல் மட்டும். ஜப்பானியப் பொறியியலாளர் ஃபுமியோ மியேடா, அயன மண்டலத்தில் தெறித்து வரும் மொஸ்கோ வானொலியின் ஏறியிறங்கும் ஒலியைக் கேட்டு அதை வடிவமைத்ததாகக் கூறியிருக்கிறார். நடுவே துடிக்கும் ஒரு சிறு மின்குமிழும் அதைச் சுற்றி நான்கு ஒளியுணர் தடையிகளும்தான் அதன் இதயம். டொய்ச்ச வெல்லேயின் சிற்றலை அஞ்சல் நிலையம் இருந்த எங்கள் மாவட்டத்தில் அந்தத் தளும்பலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் அப்பா அதை ஒருமுறை கேட்டுவிட்டு, “ஸ்டேசன் சரியாப் பிடிபடேல்லைப் போல” என்றார்.

ஃபஸ்ஸுக்கு வருகிறேன். இரண்டாவது திரான்சிஸ்டரின் நிலையான தடையியை எடுத்துவிட்டு, அதனிடத்தில் மாறுந்தடையி ஒன்றைப் பற்றாசு வைத்துப் பொருத்தி, பெட்டியின் பக்கத்தில் ஒரு துளையிட்டு அதற்குக் குமிழ் மாட்டினேன். நண்பகலில் ஒருமுறையும், மாரி மழை பிடித்த நாளொன்றின் இரவில் ஒருமுறையும் வோல்ற்றுமானியை வைத்து 4.5 ஐத் தேடி, குமிழைச் சுற்றி வெள்ளை வர்ணத்தால் இரண்டு கோடுகள் கீறினேன். ஒன்றின் அருகே ‘கச்சான்’ என்றும் மற்றதன் அருகே ‘வாடை’ என்றும் எழுதியிருக்கிறது. எழுத்து கொஞ்சம் கோணல்.