பெங்களூரு நடுகற்களை அடியிலிருந்து படிப்பது எப்படி

பெங்களூருவின் பழைய ஊர்ப்பகுதிகளில், ஏரிக்கரையிலோ மாரம்மன் கோயில் வாசலிலோ, மஞ்சளும் குங்குமமும் அப்பிய பலகைக்கல் ஒன்று நிற்கும். அதில் வாளோங்கிய ஓர் ஆள், அவனுக்கு மேலே ஒரு லிங்கம். சண்டையிலோ வேட்டையிலோ செத்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல் அது: கன்னடத்தில் வீரகல்லு, நமக்கு நடுகல். பார்க்கப் போகிறவர்கள் முதலில் எழுத்தைத் தேடுகிறார்கள். பழங்கன்னடம் என்று தெரிந்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். எழுத்து தெரியாமலே இந்தக் கல்லில் பாதியைப் படித்துவிடலாம். கண்ணை அடியிலிருந்து மேலே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றடுக்குக் கல்லில் அடியடுக்கு, அவன் செத்த விதம். மாடுகள் வரிசையாக நின்றால் ஆநிரைப் பூசல், அதாவது மாடு கவர்வதும் மீட்பதுமான சண்டை. யானையும் குதிரையும் இருந்தால் அரசர் போர். புலியோ பன்றியோ இருந்தால் வேட்டை. நடுவடுக்கில் இருபுறமும் பெண்கள் அவனைத் தாங்கி மேலே அழைத்துப் போகிறார்கள். இவர்களை மனைவியர் என்று சொல்லிவிடுவது வழக்கமான பிழை, இவர்கள் வானமகளிர். மனைவி உடன்கட்டை ஏறியிருந்தால் அதற்கு வேறு அடையாளம் உண்டு: தூணிலிருந்து கிளைத்து, முழங்கை மடங்கி, வளையலோடு உயரும் ஒற்றைக் கை. அந்த வகைக்கு மாஸ்திகல்லு என்று பெயர். மேலடுக்கில் வீரன் லிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் பூசாரியும் நந்தியும். லிங்கத்தின் இடத்தில் தீர்த்தங்கரர் இருந்தால் சமணக் குடும்பம். உச்சியில் சூரியனும் பிறையும் அலங்காரத்துக்கு அல்ல. அவை உள்ளவரை இந்தக் கொடை நிற்கும் என்பதற்கான முத்திரை.

ஆம், கொடை. பக்தியை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். வீரன் செத்தால் அவன் குடும்பத்துக்கு நிலம் போகும். கன்னடக் கல்வெட்டில் அது கல்நாடு, தமிழ்க் கல்வெட்டில் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி. அதை அழிப்பவன் வாரணாசியில் கபிலைப் பசுவைக் கொன்ற பாவம் அடைவான் என்று கன்னடக் கல் சாபமிடும். நம் கல்வெட்டுகளில் அதே பசு கங்கைக்கரையில் நிற்கும். மறுமை நம்பிக்கையும் நிலப் பத்திரமும் ஒரே பலகையில் இருக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைப் படித்தால் கல் பாதி ஊமை.

தமிழ்நாட்டுச் செங்கம் பகுதி நடுகற்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே பெரும்பாலும் ஒற்றைக் காட்சிதான்: வில்லும் வாளும் ஏந்திய வீரன், காலருகே கெண்டியும் (மூக்குள்ள செம்பு) சிமிழும். வானமகளிர் இல்லை, கைலாயம் இல்லை. தொல்காப்பியம் சொல்லும் ஆறு படிகளும் (காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து) கல்லைச் சுற்றியே நடக்கின்றன: கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, அதற்கே படையல் போடுகிறார்கள். என் வாசிப்பு இது: அங்கே செத்தவன் கல்லிலேயே இருக்கிறான். கன்னட மூன்றடுக்கில் அவன் சிவனிடம் போய்விட்டான். கல் அதற்குச் சாட்சி.

கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆதகூர் கல் இந்த விதிகளையெல்லாம் மீறும். மண்டியா பக்கத்திலிருந்து வந்தது. நடுவே செதுக்கியிருப்பது ஆளை அல்ல, காட்டுப்பன்றியோடு மோதும் ஒரு நாயை. அதன் பெயர் காளி. ராட்டிரகூட அரசன் கிருஷ்ணராஜன், கங்கர் துணையோடு சோழரை வென்ற தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரனிடம், அவன் தலைவனான கங்க அரசன் பூதுகன் என்ன வேண்டும் என்று கேட்க, அவன் கேட்டது இந்த நாயை. பிறகு அந்த நாய் ஒரு பெரிய பன்றியோடு பொருதது, இரண்டும் சேர்ந்தே செத்தன. மணலேரன் சல்லேசுவரர் கோயிலின் முன் கல் நட்டு நிலமும் விட்டான். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில் குரவன் (சைவப் பூசாரி) கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் பாவம் சேரும் என்று கல்லே சொல்கிறது. நாய்க்கு நடுகல் நம் பக்கமும் உண்டு: மகேந்திரவர்ம பல்லவன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய் தன் வீரனோடு நிற்கிறது.

அதே ஆதகூர் கல்தான் சோழ இளவரசன் இராஜாதித்தனைப் பூதுகன் கொன்றான் என்கிறது. சோழரின் பெரிய லெய்டன் செப்பேடோ, கிருஷ்ணராஜனின் அம்பு பட்டு யானைமேல் மாண்டான் என்கிறது. யானைமேல் சாவு என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை, பெருமை யாருக்கு என்பதில்தான். கல்வெட்டைச் செய்தித்தாள் போலப் படிக்கிறவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.

ஆண்டுக் கணக்கிலும் இந்தக் கல்லில் ஒரு பொறி உண்டு. கல்வெட்டுகளில் வரும் சக ஆண்டைக் கி.பி. ஆண்டாக்க 78 கூட்டு என்பது பொது விதி. 872 என்றால் 950 வரும். ஆனால் கல் சொல்வது 872-ஆவது ஆண்டு, அதாவது 871 முடிந்து நடப்பது. கூடவே, அறுபதாண்டுச் சுற்றில் ஒன்றான சௌமிய ஆண்டு என்றும் வருகிறது. சௌமிய 949-50இல்தான் விழும். அறுபதாண்டுப் பெயர் இருந்தால் அதை வைத்துச் சரிபார்க்காமல் ஆண்டு எழுதக் கூடாது.

பெங்களூருவின் பேகூர்ப் பகுதியைச் சேர்ந்த இரண்டு கற்களைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். நாகத்தரன் என்ற கங்கர் படைத்தலைவனின் போரைக் காட்டும் பெரிய சிற்பக் கல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "பெங்களூரு" என்ற பெயர் வரும், 9-ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த கல் பேகூர் நாகேசுவரர் கோயிலிலேயே இருக்கிறது. இவற்றைவிடப் பழையது ஹெப்பாலின் கிட்டய்யா கல், ஏறத்தாழ 750. அது 2018இல்தான் கண்ணில் பட்டது. தமிழ் எழுத்தே வேண்டும் என்பவர்கள் தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போகலாம். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டில் தொம்மலூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று பெயர்.

எழுத்தைப் பார்க்க உச்சி வெயில் ஆகாது. நிழல் விழாததால் எழுத்து மறைந்துவிடும். இருட்டிய பின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த கோடும் எழும். சாக்பீஸால் எழுத்தை நிரப்பாதீர்கள்: நாம் ஊகித்த எழுத்தைத்தான் வரைவோம், அடுத்து வருபவர் அதைத்தான் படிப்பார்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் பதித்தெடுப்பது, பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் வேலை. முறை இதுதான்: தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டு கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். கிழிந்த இடத்தில் இன்னொரு துண்டு ஒட்டுவார்கள். தாள் பாதி காய்ந்ததும் துணிப்பந்தால் மை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் வரும். ஈரம் அதிகமானால் மை கசிந்து கல்லில் ஏறும். காய்ந்துவிட்டால் தாள் எழும்பி எழுத்து மழுங்கும்.

கல்லைக் கெடுப்பது வெயிலும் மழையும்விட நம் கைதான். கம்பி பிரஷ் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். எனாமல் பெயிண்ட் நுண்கோடுகளை மூடும். கோயிலைப் புதுப்பிக்கும்போது பூசும் சிமெண்டில் அடிவரிகள் புதையும், நிலக்கொடை விவரம் அங்கே இருந்தால் அதோடு போயிற்று. சாலையை உயர்த்தும் இடங்களில் அடியடுக்கு முழுதாக மண்ணுக்குள் போய்விடுகிறது. அவன் எப்படிச் செத்தான் என்பதே அதில்தான் இருக்கும்.

புதிதாக ஒரு கல்லைப் பார்த்தால் தோண்டவோ நகர்த்தவோ வேண்டாம். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், இரு விளிம்புகள் என நான்கு படம் எடுங்கள். எழுத்து விளிம்பிலும் ஓடும். இடத்தை வரைபடத்தில் குறித்து மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். நிருபதுங்கா சாலையிலுள்ள மித்திக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பும் நகரக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறது, அங்கேயும் சொல்லலாம். பூசை நடக்கும் கல் என்றால் பூசாரியிடம் முதலில் பேசுங்கள், எண்ணெய்க் காப்பு துடைக்கும் நாள் அவருக்குத்தான் தெரியும்.