ஆர்னோ ஆற்றங்கரைத் தோல் ஊரில் மூன்று வாரங்கள்

2024 ஜூன் 3, திங்கள்

பிசாவுக்கும் புளோரன்சுக்கும் நடுவே, ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கும் சாந்தா குரோச்சேக்கு இன்று காலை வந்து சேர்ந்தேன். பேருந்திலிருந்து இறங்கியதுமே மூக்கில் ஏறிய வாடை ஆம்பூரை நினைவூட்டியது. இரண்டுமே தோலை நம்பி வாழும் ஊர்கள். எங்கள் காலணி ஆலைக்கு மரச்சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல் வாங்க வந்திருக்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே தவறு செய்துவிட்டேன். முதலாளியின் அறையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், தேவையான அளவு எழுதிய தாளை நீட்டி விலை கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காப்பி குடிக்க வாருங்கள் என்று எழுந்துவிட்டார். நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிடக்கூடிய காப்பிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. என் பெற்றோர், என் ஊர், நான் இந்தத் தொழிலுக்கு வந்த வழி எல்லாவற்றையும் விசாரித்தார். விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஜூன் 5, புதன்

இங்கே ஒருவரை எப்படி அழைக்கிறோம் என்பதிலேயே பாதி மரியாதை அடங்கியிருக்கிறது. பட்டம் பெற்றவர் எந்தத் துறையினராக இருந்தாலும் ‘தொத்தோரே’. வழக்கறிஞருக்கும் பொறியாளருக்கும் தொழிலின் பெயரே முன்னொட்டு. அறிமுகமில்லாதவரை ‘தூ’ என்று ஒருமையில் அழைக்கக் கூடாது. ‘லேயி’ என்றே சொல்ல வேண்டும். முசோலினி அரசு 1938இல் ‘லேயி’யை விலக்கி, பன்மைச் சொல்லான ‘வோயி’யைப் புகுத்தப் பார்த்தது. அந்த ஆட்சி போய்விட்டது, ‘லேயி’ நிலைத்துவிட்டது. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இன்று முதலாளி என்னை ஆலைக்குள் அழைத்துச் சென்றார். மரத்தாலான பெரிய உருளைகள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. உள்ளே செஸ்ட்நட், மிமோசா, கெப்ராச்சோ மரங்களின் சாறு. குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறையில் ஓரிரு நாளில் முடியும் வேலை இதில் வாரக்கணக்கில் நீள்கிறது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட தாத்தாவின் காலத்தைச் சொன்னேன்; முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

காய்ந்த தோல் ஒன்றை மேசைமேல் விரித்தார். கட்டைவிரலால் அழுத்தினார், மடித்தார், மடிப்பு வெளிறுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தோலின் மேல் வைத்தார். தோலைத் தொட்டால் கிடைக்கும் உணர்வுக்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் ‘மானோ’, அதாவது கை. சரக்கின் தரத்தைத் தாளில் எழுதிக் கொடுப்பதைவிட வாங்குபவனின் விரலுக்கு உணர்த்துவதையே இவர்கள் நேர்மையான வியாபாரமாகக் கருதுகிறார்கள் என்று அப்போது புரிந்தது. நல்ல தோற்றம் என்று பொருள்படும் ‘பெல்லா ஃபிகூரா’ என்பதை நல்ல உடையும் பகட்டும் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். யாரும் பார்க்காத அடிப்பக்கத்தையும் சீராக முடித்துத் தருவதும் அதில் சேரும்.

ஆலையை நடத்துவது மூன்றாம் தலைமுறை. வெனிஸ் நகரத்துக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்ற 1526ஆம் ஆண்டின் சீட்டை வைத்திருக்கும் பெரெட்டா குடும்பம் இன்றும் துப்பாக்கி செய்கிற நாட்டில் மூன்று தலைமுறை பெரிதல்ல. ஆயினும் இதில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. இருபது ஆண்டுகளாக இங்கு உழைக்கும் மேலாளர் ஒரு சிறு தள்ளுபடிக்கும் குடும்பத்தைக் கேட்டாக வேண்டும். வெளியாளின் திறமை ஒரு வாசலோடு நின்றுவிடுகிறது. அது வருத்தத்துக்குரியது.

ஜூன் 17, திங்கள்

நேற்றிரவு பிசாவில் புனித ரனியேரி திருவிழாவின் முந்தைய நாள் விளக்கேற்றம். ஆற்றின் இருகரை வீடுகளிலும் ஆயிரக்கணக்கான மெழுகு விளக்குகள். “பிசாக்காரன் வாசலில் நிற்பதைவிட வீட்டில் ஒரு சாவு விழுவது மேல்” என்று அண்டை ஊரார் சொல்லும் பழமொழியையும் உடன் வந்தவர் சொன்னார். இத்தாலி ஒரே நாடானது 1861இல்தான். அதற்கு முன்பும் பின்பும் மனிதருக்குச் சொந்தம் தன் ஊர்க் கோயிலின் மணிக்கூண்டு. அந்தப் பற்றுக்கு ‘காம்பனிலிஸ்மோ’ என்று பெயர். அதன் பயனையும் இந்த ஊரில் காண்கிறேன். ஒரு பட்டறை தோலைப் பிளந்து மட்டும் தருகிறது, இன்னொன்று வண்ணம் மட்டும் பூசுகிறது. போட்டியாளர்களாகிய ஆலைகள், கழிவுநீரைப் பொது நிலையத்தில் சேர்ந்தே சுத்திகரிக்கின்றன.

ஜூன் 21, வெள்ளி

நேற்று முதலாளி வீட்டில் இரவு உணவு. சாப்பாடு முடியும்வரை தொழில் பேச்சே எழவில்லை. பழம் வந்தபோது, இனி நாம் ‘தூ’ என்றே பேசிக்கொள்வோம் என்றார். வயதில் மூத்தவர்தான் அதை முன்மொழிய வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். அறுபதைக் கடந்தவரை ஒருமையில் அழைக்க என் நாக்கு கூசியது, அவர் விடவில்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து நான் முதல் நாள் கொடுத்த தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. என் அளவுகளுக்கு எதிரே பென்சிலால் விலை எழுதியிருந்தார். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சரக்கு வேண்டிய நாளாக நான் குறித்திருந்த ஆகஸ்ட் 20ஐ மட்டும் அடித்துவிட்டுச் செப்டம்பர் 16 என்று எழுதினார். பேரரசர் அகஸ்டஸ் காலத்து விழாவிலிருந்து வந்த ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி ஆலை மூன்று வாரம் மூடியிருக்கும், தொழிலாளர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவார்கள், அதில் பேரம் இல்லை என்றார். ஒப்புக்கொண்டேன். ஆம்பூருக்கு இன்று காலை கடிதம் எழுதினேன். விலையைவிடத் தேதிக்கான விளக்கமே அதில் நீளமாக அமைந்தது.