மரமில்லாச் சமவெளியின் குறுக்கே

ஆஸ்திரேலியாவின் செடூனாவிலிருந்து மேற்கே நார்ஸ்மன் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளும் அயர் நெடுஞ்சாலைப் பகுதியை, நானும் என் மனைவியும் தங்கும் வசதியுள்ள வண்டியான மோட்டார் ஹோம் ஒன்றில் ஐந்து நாட்களில் கடந்தோம். வழியில் உள்ள நல்லார்போர் சமவெளியின் பெயர் ‘மரமில்லை’ என்ற பொருள்தரும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. ஆயினும் சாலை பெரும்பாலும் அச்சமவெளியின் தென்விளிம்பை ஒட்டியே செல்வதால், நாங்கள் கண்ட மரங்கள் பல.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சுண்ணாம்புப் பாறையாலான இந்நிலத்தில் பெய்யும் சிறிதளவு மழையும் விரிசல்களின் வழியே நிலத்தடிக் குகைகளுக்குள் இறங்கிவிடுவதால், மேற்பரப்பில் ஆறுகளே இல்லை. சாலையோர விடுதிகளில் எரிபொருள் கிடைக்கும். தொட்டியை நிரப்பும் அளவுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. பாத்திரம் கழுவ எத்தனை குவளை நீர் செலவாகிறது என்பதை அங்கேதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன்.

மேற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லையில் பழம், காய்கறி, தேன் ஆகியவற்றைச் சோதித்துப் பறிமுதல் செய்வார்கள் என்பதால், எஞ்சிய பழங்களை முந்தைய இரவே உண்டு முடித்தோம்.

கைகுனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவுகூட இல்லை. எதிரே வரும் நெடிய சரக்கு வண்டிகளின் காற்று நம் வண்டியை உலுக்கும்போது திசைமாற்றியை இறுகப் பிடித்திருக்க வேண்டும். அந்தி வேளையில் கங்காருக்கள் சாலைக்கு வருமென்பதால், நாள்தோறும் சூரியன் மறையுமுன் வண்டியை நிறுத்திவிட்டு, இருள் முழுவதும் சூழும்வரை வெளியே அமர்ந்திருந்தோம்.