மாஸ்ட்டைத் திருப்பிக் கொடுத்த டர்னர்

லண்டன் போனா இந்த ஒரு படத்தையாவது பாத்துடணும்னு பல வருஷமா ஆசை. ட்ரஃபால்கர் ஸ்கொயர்ல நேஷனல் கேலரி, உள்ள போக காசு கிடையாது, நேரா ஆங்கில ஓவியர் டர்னரோட ரூமுக்குப் போயிட்டேன்.

'தி ஃபைட்டிங் டெமரேர்'. சுவர் நிறைய இருக்கும்னு நெனச்சேன், அகலமே சுமார் 122 செ.மீ. தான். கிட்டப் போய்ப் பாத்தா சூரியன் மறையுற பக்கம் மஞ்சளும் ஆரஞ்சும் கட்டியா அப்பியிருக்கு, கப்பல் மட்டும் வெளிறிப்போய் மெல்லிசா, பாதி காத்துல கரைஞ்ச மாதிரி நிக்குது, அதுக்கு முன்னாடி கரேல்னு ஒரு குட்டி டக் போட், அதாவது கப்பலை இழுக்குற நீராவிப் படகு, நெருப்பும் புகையுமா இழுத்துட்டு வருது.

1805ல ட்ரஃபால்கர் கடல் சண்டையில பிரிட்டிஷ் தளபதி நெல்சனோட 'விக்டரி' கப்பலுக்கு அடுத்து நின்ன 98 பீரங்கிக் கப்பல் இது. 1838ல நேவி வித்துட்டாங்க, ஷீர்னஸ்லேருந்து தேம்ஸ்ல இழுத்துட்டு வந்து லண்டன்ல ராதர்ஹைத்ங்கிற இடத்துல உடைச்சாங்க. நிஜத்துல அப்போ மாஸ்ட், அதாவது பாய்மரக் கம்பம், எல்லாம் கழட்டியாச்சு, வெறும் கூடுதான், இழுத்ததும் ரெண்டு டக் போட். டர்னர் மூணு மாஸ்ட்டையும் திரும்ப நட்டு வச்சுட்டார். தப்பா வரைஞ்சுட்டார்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், கடைசியா அனுப்பும்போது குளிப்பாட்டி நல்ல துணி உடுத்தித்தானே அனுப்புவோம், அதைத்தான் அந்த மனுஷன் செஞ்சிருக்கார்.

கோவென்ட் கார்டன்ல முடிவெட்டுற அப்பாவுக்குப் பொறந்தவர். 1839ல ராயல் அகாடமி கண்காட்சியில இதை வச்சப்போ அவருக்கு 64 வயசு. கேட்டவங்களுக்கு விக்கவே இல்ல, கடைசிவரைக்கும் கூடவே வச்சிருந்தார், 1851ல அவர் இறந்தப்புறம்தான் நாட்டுக்கு வந்துச்சு. இப்போ 20 பவுண்டு நோட்டுல அவர் முகமும் இந்தக் கப்பலும் சேர்ந்தே இருக்கு.

மனசு கேக்கல, மறுநாள் கனடா வாட்டர் ஸ்டேஷன்ல இறங்கி ராதர்ஹைத்துக்கு நடந்தேன். அங்க செயின்ட் மேரிஸ் சர்ச்ல அந்தக் கப்பல் மரத்துல செஞ்ச ஒரு கம்யூனியன் மேஜையும் ரெண்டு பிஷப் நாற்காலியும் இருக்கு. கருத்த ஓக் மரம். படத்துல அந்தக் கப்பல் கிட்டத்தட்ட வெள்ளையா இருந்துச்சு, இங்க கனமா, கெட்டியா, தரையில கால் ஊனி நிக்குது. ரொம்ப நேரம் அந்த நாற்காலியவே பாத்துட்டு, வெளிய வந்து தேம்ஸ் ஓரமா உக்காந்துட்டேன்.