வாடைக்கு இறங்கும் அவ்ரோ

பலாலி ஓடுபாதையின் ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 50 பாகையும் 230 பாகையும். கடைசிப் பூச்சியத்தை வெட்டிவிட்டு எழுதுவது வழக்கம். யாழ்ப்பாணத்து ஆளுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். ஒரு முனை வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றுக்கு, மற்ற முனை தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்துக்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்காக அந்த நிலத்தை அளந்தவன் யாரோ, எங்கள் காற்றை நன்றாகப் படித்திருக்கிறான்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் கடற்பக்கத்தால் வந்து இறங்கி எங்கள் பக்கமாக ஏறிப் போகும். ஐப்பசி கழிந்து வாடை பிடித்துவிட்டால் கதை மாறிவிடும். கட்டுவன் பக்கத்தால் தாழப் பறந்து வந்து, பள்ளிக்கூடத்து ஓடெல்லாம் அதிர இறங்கும். கணித மாஸ்டர் வெண்கட்டியைக் கரும்பலகையிலிருந்து எடுக்காமலே நிற்பார். சத்தம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார். ஒருநாள் மட்டும் திரும்பி, "இண்டைக்கு ஏன்ரா இந்தப் பக்கத்தாலை வாறான்?" என்று கேட்டார். "காத்து மாறிட்டுது சேர்" என்றேன். அந்த வகுப்பில் நான் சரியாகச் சொன்ன விடைகள் அதிகமில்லை, இது ஒன்று.

"பள்ளிக்கூட நினைவா ஏதும் எழுதித் தாங்கோ அண்ணை" என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுத் தம்பிமார் கேட்டார்கள். கிரிக்கெட்டையும் நாடகப் போட்டியையும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் அண்ணாந்து பார்த்தவற்றை எழுதுகிறேன்.

1947 டிசம்பரில் எயர் சிலோன் தொடங்கியபோது அதன் முதற் பறப்பே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். காங்கேசன்துறை என்று அவர்கள் அட்டவணையில் போட்டது பலாலியை. அப்போது அவர்களிடம் இருந்தவை மூன்று டக்கோட்டாக்கள்: சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி. வால் நிலத்தில் குந்த, மூக்கு வானம் பார்க்க நிற்கிற விமானம் டக்கோட்டா. ஏறியவுடன் ஆசனத்துக்கு மேட்டில் நடக்கவேண்டும் என்று என் ஐயா சொல்லுவார்.

எங்கள் காலத்து விமானம் அவ்ரோ. முழுப்பெயர் ஹோக்கர் சிட்லி 748, ஆனால் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் வூட்போர்டில் 1960 ஜூன் 24 இல் முதன்முதலாகப் பறந்தது. இந்தியாவில் கான்பூரிலும் செய்தார்கள். இரண்டு நாட்டிலும் சேர்த்து 380. இறக்கை கீழே, அதற்கு மேலே தூக்கலாக இரண்டு றோல்ஸ் றொய்ஸ் டார்ட் எஞ்சின்கள். டார்ட்டை ஒருமுறை கேட்ட காது மறக்காது. ஏறும்போது உள்ளே அது நிமிடத்துக்கு 15,000 சுற்றுச் சுற்றும், காற்றாடி மட்டும் பல்சக்கரத்தால் வேகம் குறைந்து நிதானமாகச் சுழலும். அதனால்தான் மேலே ஒரு கூரிய விசில், அடியில் ஓர் உறுமல் என்று இரண்டு குரல். விசில் முதலில் வரும். விசில் கேட்டு, யன்னலுக்குப் போய், தென்னைகளுக்கு மேலால் அதைக் கண்டுபிடிக்கச் சரியாக நேரம் இருக்கும்.

என் பக்கத்து வாங்கு நண்பன் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தான். திகதி, நேரம், எந்தப் பக்கத்தால் இறங்கியது, பதிவெண் என்று நாலு நிரல், அடிமட்டம் வைத்துக் கோடு கீறியது. சனிக்கிழமைகளில் றலி சைக்கிளில் வசாவிளான் றோட்டால் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நிற்போம். ஒரு பக்கம் செம்மண்ணில் புகையிலைக் கன்று, மறுபக்கம் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை. இடைக்கிடை நோர்ட் 262 என்ற சின்ன பிரெஞ்சு விமானம் வரும். அன்றைக்குக் கொப்பிக்குப் பெருநாள். மற்றப்படி நாலாவது நிரல் முழுக்க 4ஆர்-ஏசிஜே, 4ஆர்-ஏசிஜே என்றே போகும். ஒரே பதிவெண்ணைப் பக்கம் பக்கமாக எழுதிய ஸ்பொட்டர், அதாவது விமானம் பார்த்து இலக்கம் குறிக்கிறவர், உலகத்தில் வேறு யாராவது இருந்தால் அவரை நான் சந்திக்க விரும்புகிறேன்.

1978 செப்ரெம்பர் 7 அன்று அந்த விமானம் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போய், பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு, உள்ளே வைத்த குண்டு வெடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நண்பன் கடைசி 4ஆர்-ஏசிஜே வரிக்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தான். அதற்கு மேல் அந்தக் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு எயர் சிலோனும் போய், எயர் லங்கா வந்தது.

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு இந்த நகரத்தில் மிகவும் பிடித்த இடம் ஹீத்ரோவில் குவீன்ஸ் பில்டிங் மொட்டைமாடி. அப்போது பொதுமக்கள் ஏறி நின்று பார்க்கலாம். கையில் தேநீர்க் குடுவையுடன் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவர்கள் இந்தப் பெடியன் பதிவெண் எழுதுகிறதைக் கண்டு முதலில் ஒதுங்கி, பிறகு தொலைநோக்கியை நீட்டினார்கள். ஸ்பொட்டருக்குச் சாதி ஒன்றுதான். மொட்டைமாடி மூடப்பட்ட பிறகு எங்கள் சபை ஹட்டன் குரொஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள மேர்ட்டில் அவெனியூவுக்கு மாறியது. வரிசை வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு புல்வெளித்துண்டு. தெற்கு ஓடுபாதைக்கு இறங்குகிற விமானம் தலைக்கு மேலால் போகும், சில்லுத் தேய்வு தெரியும்.

போகிறவர்களுக்கு ஒரு சொல். ஹீத்ரோ ஓடுபாதைகள் 27 உம் 09 உம், அதாவது நேர் மேற்கும் நேர் கிழக்கும். மேற்குக் காற்றானால்தான் மேர்ட்டில் அவெனியூவுக்கு மேலால் இறங்குவார்கள். அப்படியானாலும் பிற்பகல் 3 மணிக்கு வடக்கையும் தெற்கையும் மாற்றிவிடுவார்கள், ஊர்ச்சனம் அரை நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று. ஆகவே காற்றையும் கடிகாரத்தையும் பார்த்துத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். சோளகமும் வாடையும் பார்த்துப் பழகியவனுக்கு இது புதுப் பாடமில்லை.

கொன்கோர்ட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 2003 ஒக்ரோபர் 24 இல் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கியதோடு அதன் சேவை முடிந்தது. அழகுதான். ஆனால் என் மனம் லொக்ஹீட் கம்பனி செய்த ட்ரைஸ்டாரில். எயர் லங்காவின் ட்ரைஸ்டார் அப்போது லண்டனில் கட்விக்குக்குத்தான் பறந்தது. அதைப் பார்க்கவே றெயில் ஏறிப் போவேன். லொக்ஹீட் அந்த விமானத்தில் கொட்டிய புத்தி கொஞ்சமல்ல. இறங்கும்போது மூக்கை ஆட்டாமல், இறக்கையின் மேல் தகடுகளைச் சற்றே திறந்து மூடியே உயரத்தைச் சரிசெய்யும். இறக்கைக்குப் பின்னால் யன்னலோரம் இருந்தவர்கள் அந்தத் தகடுகள் இடைவிடாமல் துடிப்பதைக் கண்டிருப்பீர்கள். மூடுபனியில் தானாகவே இறங்குவதில் அது அந்நாளில் முன்னுக்கு நின்றது. அதற்கென்று ஆர்பீ211 எஞ்சினைச் செய்யப்போன செலவில் 1971 பெப்ரவரியில் றோல்ஸ் றொய்ஸே முறிந்து, அரசாங்கம் தூக்கி நிறுத்தவேண்டி வந்தது. 250 விமானத்தோடு லொக்ஹீட்டும் பயணிகள் விமானத் தொழிலை விட்டது. நல்லதைச் செய்தவன் நட்டப்பட்டான், அவ்வளவுதான். அந்த ட்ரைஸ்டார்களில் 4ஆர்-யூஎல்டி, 1986 மே 3 இல் கட்விக்கிலிருந்து சூரிச், துபாய் வழியாகப் போய்க் கட்டுநாயக்காவில் நின்றபோது குண்டுவெடித்து 21 பேர் இறந்தார்கள். நான் இலக்கம் சொல்லி அறிந்த விமானங்களில் இரண்டு இப்படிப் போயின.

எங்கள் ஒன்றுகூடல்களில் "போயிங் நல்லது, எயர்பஸ் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் உண்டு. முழங்கால் முன் ஆசனத்தில் இடிக்கிறதற்கு விமானம் செய்தவன் பொறுப்பில்லை. ஆசனம் எத்தனை அங்குல இடைவெளியில் என்பதைத் தீர்மானிப்பது விமானக் கம்பனி. போயிங் 777 வந்த காலத்தில் பெரும்பாலான கம்பனிகள் வரிசைக்கு ஒன்பது பேரை வைத்தன, இப்போது பத்து. விமானத்தின் உடல் ஒன்றுதான், எங்கள் தோள்தான் நெரிபடுகிறது. ஊருக்குப் போகிறவர்கள் 30 கிலோவா 40 கிலோவா என்று பார்க்கிற கவனத்தில் பாதியையாவது விமானத்தின் ரகத்திலும் வைத்தால் நல்லது. 787 இலும் ஏ350 இலும் உள்ளறை அமுக்கம் ஏறத்தாழ 6,000 அடி மலையில் நிற்கிற அளவு, பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். வயது போனவர்களுக்கு இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஏ380 இன்னும் அமைதி, ஆனால் 251 ஓடு செய்வதை நிறுத்திவிட்டார்கள். நாலு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்ற இனி ஆளில்லை. 2020 ஒக்ரோபர் 8 இல் ஹீத்ரோவில் நின்ற பிரிட்டிஷ் எயர்வேய்சின் கடைசி இரண்டு 747 களும் அதன் இரண்டு ஓடுபாதைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பின. மழை முகிலுக்குள் உடனேயே மறைந்துவிட்டன. இப்போது மேர்ட்டில் அவெனியூவில் நின்றால் இரட்டை எஞ்சின், இரட்டை எஞ்சின், மீண்டும் இரட்டை எஞ்சின். காதை மூடாமலே கதைக்கலாம். சனத்துக்கு நல்லது, எனக்குத்தான் பொழுது போகவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சங்கத் தம்பி ஒருவரை அங்கே கூட்டிப்போனேன். எண்பதுகளில் பிறந்தவர். டார்ட் எஞ்சினின் விசிலைப் பற்றி வழக்கம்போல விரித்துக்கொண்டிருந்தேன். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, "அண்ணை, அவ்ரோச் சத்தம் எனக்கும் தெரியும். விசில் கேட்டால் அம்மா எங்களைப் பங்கருக்குள்ளை தள்ளுவா" என்றார்.

அவருடைய அவ்ரோ விமானப்படையினுடையது. பயணிகளுக்கென்று செய்த அதே ரகம் போர்க்காலத்தில் எங்கள் ஊர்களின் மேல் குண்டு போட்டது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் கூடவே வெளிக்கிட்டது. அவர் படித்த எங்கள் கல்லூரி, நான் படித்த கட்டடத்தில் இல்லை. 1995 ஏப்ரல் 28 உம் 29 உம் அடுத்தடுத்து இரண்டு அவ்ரோக்கள் பலாலிக்குப் பக்கத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டன. அவருடைய வகுப்பில் பிள்ளைகள் சியாமாசெட்டி, ஹெலி, பொம்மர், அவ்ரோ எல்லாவற்றையும் பார்க்காமலே பிரித்துச் சொல்லுவார்களாம். "நீங்கள் கொப்பியிலை எழுதினீங்கள், நாங்கள் ஓடினாங்கள்" என்றார், சிரித்துக்கொண்டுதான். நான் பிறகு அன்றைக்கு டார்ட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அவர் இப்போதும் என்னோடு வருகிறார். சத்தத்தை வைத்து ட்ரென்ட் எஞ்சினா ஜீஈ எஞ்சினா என்று சொல்வதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரன்.

இப்போது பலாலிக்கு மறுபடியும் வெளிநாட்டு விமானம் வருகிறது. 2019 நவம்பரில் அலையன்ஸ் எயர் சென்னையிலிருந்து தொடங்கியது, கொரோனாவோடு நின்று 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. இரண்டும் ஏடீஆர் 72. பின்கதவால் ஏறவேண்டும், முன்பக்கம் சாமான் அறை. நிற்கும்போது மின்சாரத்துக்குத் தனிச் சிற்றெஞ்சின் அதில் கிடையாது. வலதுபக்க எஞ்சினை ஓடவிட்டு, காற்றாடியை மட்டும் பிடித்து நிறுத்திவைப்பார்கள். பார்ப்பவருக்கு எஞ்சின் நிற்கிற மாதிரி இருக்கும், காதுக்கு ஓடுகிற மாதிரி இருக்கும். நான் போன நேரம் வாடைக்காலம். இறங்கும்போது யன்னலால் கட்டுவன் பக்கம் கண்ணை ஓட்டினேன். சில வளவுகளில் வீடு இருந்தது, சிலவற்றில் பற்றைதான்.

ஏ320 இறங்கும்படி ஓடுபாதையை நீட்டவேண்டும் என்று எங்கள் பொதுக்கூட்டத்தில் ஒருவர் உணர்ச்சியோடு பேசினார். கைதட்டலும் கிடைத்தது. நான் உடன்படவில்லை. அது வந்தால் 180 ஆசனம் நிரம்பவேண்டும். நிரம்பாவிட்டால் கிழமைக்கு இரண்டு நாள் என்று சுருக்கிவிடுவார்கள். ஓடுபாதை நீண்டால் யாருடைய காணியோ போகும், அங்கே காணி ஏற்கெனவே போதுமான அளவு போய்விட்டது. ஏடீஆர் 70 பேரளவில் ஏற்றிக்கொண்டு குறுகிய ஓடுபாதையில் இறங்கும், எண்ணெயும் குறைவு. பாக்குநீரிணையைத் தாண்டுகிற தூரத்துக்கு ஜெற்றும் அதுவும் பெரிய நேர வித்தியாசம் இல்லை. கொழும்புக்குக் காலையும் மாலையும் ஒவ்வொன்று என்று அதே ஏடீஆரை ஓட்டச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை நானே பிரேரிக்கிறதாக இருக்கிறேன். வழிமொழிய ஓர் ஆள் தேவை.