பழைய மாளிகைப் பிளானில் அளவெடுக்கும் முன்

இங்கிலாந்தின் பழைய மாளிகை வரைபடங்களைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது கட்டுவதற்கு முன் வரைந்ததா, கட்டிய பின் அளந்து வரைந்ததா? கெடில்ஸ்டன் ஹாலுக்குத் திட்டமிட்ட பக்கக் கட்டடங்கள் நான்கு. எழுந்தவை வடக்கே உள்ள இரண்டுதான். ஹௌட்டன் ஹாலின் மூலைகளில் கோபுரங்கள் வைத்து வரைந்தார் கட்டடக் கலைஞர் காலின் கேம்ப்பெல். அங்கே இன்று நிற்பவையோ இன்னொரு கட்டடக் கலைஞரான ஜேம்ஸ் கிப்ஸின் குவிமாடங்கள். 'விட்ருவியஸ் பிரிட்டானிக்கஸ்' என்ற தன் கட்டட வரைபட நூலின் மூன்றாம் தொகுதியில் (1725) கேம்ப்பெல் அச்சிட்டது தன் கோபுரங்களைத்தான். அச்சில் வந்துவிட்டதே என்று நம்பிவிடக் கூடாது.

அடுத்தது அளவு. செம்புத் தகட்டில் செதுக்கிய படத்தை ஈரக் காகிதத்தில் அச்சிடுவார்கள். காய்ந்ததும் காகிதம் சுருங்கும். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற ஸ்கேலில் 50 அடிக் கோடு 127 மி.மீ. இருக்க வேண்டும். கையிலுள்ள தாளில் அது 126 மி.மீ. என்றால், 200 அடி முகப்பு ஒன்றரை அடி குறைந்து கிடைக்கும். ஆகவே நேராக ரூலரை வைக்காதீர்கள். படத்தின் அடியில் இருக்கும் அளவுக் கோட்டை டிவைடரில் (இரு கூர்முனைக் கவராயம்) எடுத்து, அதைக் கொண்டே அளந்து பாருங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. காகிதம் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி சுருங்காது. அளவுக் கோடு பெரும்பாலும் படுக்கையாகத்தான் இருக்கும். அது அகலத்தைச் சரிசெய்யும், உயரத்தைச் சரிசெய்யாது. உயரத்துக்கு, எண்ணில் அளவு எழுதியிருக்கும் ஒரு செங்குத்துக் கோட்டைத் தேடிப் பிடித்து, தனியாகக் கணக்கிட வேண்டும். ஸ்கேன் பிரதியில் இந்தப் பிழை இன்னும் கூடும், நடுவில் மடிப்பு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அசல் தாளே கிடைத்தால், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். சுவர் மூலைகளில் ஊசி முனை அளவுக்குத் துளைகள் தெரியும். ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்துக் குத்திப் பிரதி எடுத்த தடம் அது. மை இல்லாமல் கூர்முனையால் கீறிய வழிகாட்டிக் கோடுகளும் அப்போதுதான் கண்ணில் படும். துளை இருந்தும் அதன் மேல் கோடு போகாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் மனம் மாறிய இடமாக இருக்கலாம். எந்த ஸ்கேனிலும் கிடைக்காத தகவல் இது, எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறியையும் (வாட்டர்மார்க்) விடாதீர்கள். 1794-க்குப் பிறகு ஆங்கிலேயத் தாள்கள் பலவற்றில் ஆண்டும் சேர்ந்தே வரும். தாளில் 1801 என்றிருந்தால் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை அது சொல்லாது.

உட்புற அறைகளுக்கு, நடுவில் தரையும் சுற்றிலும் நான்கு சுவர்களும் விரித்துப் போட்ட படங்கள் உண்டு. நகலெடுத்து, வெட்டி, சுவர்களை நிமிர்த்திப் பாருங்கள். மூலைகளில் கார்னிஸ் (சுவர் உச்சியில் ஓடும் அலங்கார விளிம்பு) கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லையென்றால், ஒன்று வரைந்தவர் பிழை, இல்லையேல் காகிதச் சுருக்கம். எல்லா மூலையிலும் ஒரே அளவு விலகினால் சுருக்கத்தையே முதலில் சந்தேகிக்கலாம்.